பெண்கள் கழிவறைக் கதவில் மட்டும் ஒட்டப்போகும் போஸ்டர்: என்ன சொல்வது?

வாகைமரம் | ஞாயிறு, ஆகஸ்ட் 17, 2025, இரவு 9:20

கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு பல்கலைக்கழக ரெசிடென்ஸில், அதாவது மாணவர் விடுதியில், டானாக இருக்கிறேன். தெரியாதவர்களுக்கு: டான் என்றால் ஒரு மாடிக்குப் பொறுப்பான மூத்த மாணவர். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் சாவியைத் தொலைத்தாலும், வீட்டு நினைப்பில் அழுதாலும், குடித்துவிட்டுச் சத்தி எடுத்தாலும் முதலில் தட்டுவது என் கதவைத்தான். செப்டெம்பர் முதல் வாரம் புதுப் பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள். வீட்டை விட்டு முதல் தடவையாக வெளியே வருகிறவர்கள்தான் அதிகம்.

நேற்று அலுவலகத்திலிருந்து ஒரு போஸ்டர் மாதிரி வந்தது. மேசையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு கிளாஸ். பின்னால் மங்கலாக ஒரு பெண்ணின் ஒற்றைச் செருப்பு. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னால்: ‘உன் அளவைத் தெரிந்து குடி. உன் பாதுகாப்பு உன் கையில்.’ இதைப் பெண்கள் மாடியில் கழிவறைக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டுமாம். ஆண்கள் மாடிக்கு என்ன என்று கேட்டேன். நெருப்பு அலாரம் பற்றிய அறிவிப்பு மட்டும்தான் என்றார்கள்.

பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஆனால் ‘ஏன், அதில் பொய் என்ன இருக்கிறது?’ என்று சக டான் ஒருத்தி கேட்டபோது உடனே பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் கருத்தைச் சொல்ல வேண்டும். இங்கே பெற்றோரும் இருக்கிறீர்கள், சட்டம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.


ஸ்காபரோ_அப்பா | ஞாயிறு, இரவு 10:05

பிள்ளை, என் மகளும் இந்தச் செப்டெம்பரில்தான் ரெசிடென்ஸுக்குப் போகிறாள். உங்கள் பல்கலைக்கழகமாகக்கூட இருக்கலாம். அந்தப் போஸ்டரை நானே பிரிண்ட் எடுத்து ஒட்டித் தருவேன்.

இரவில் கதவைப் பூட்டிவிட்டுப் படு என்று சொல்கிறோம். அதனால் கள்ளன் நல்லவன் என்று ஆகிவிடுமா? பிழை செய்கிறவன் பிழையானவன்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உலகம் திருந்தும்வரை என் பிள்ளையைத் திறந்த கதவோடு படுக்க விடமாட்டேன். நாங்கள் குண்டுக்கும் ஷெல்லுக்கும் இடையில் வளர்ந்தவர்கள். ‘கவனம்’ என்ற சொல்லைச் சொல்லித்தான் எங்கள் அம்மாக்கள் எங்களை உயிரோடு வைத்திருந்தார்கள்.


சட்டத்தரணி_ம | ஞாயிறு, இரவு 11:30

அண்ணை, உங்கள் பயம் விளங்குகிறது. எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் அந்தப் பூட்டு உவமையில் ஒரு ஓட்டை இருக்கிறது.

பூட்டாத வீட்டில் கள்ளன் புகுந்தால், நீதிமன்றத்தில் யாரும் ‘வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்தது கள்ளனுக்கு அழைப்புத்தானே’ என்று வாதாடுவதில்லை. வாதாடினாலும் நீதிபதி சிரிப்பார். குடித்திருந்த பெண்ணுக்கு மட்டும் அந்த வாதம் எடுபடுகிறது. பூட்டு அறிவுரைக்கும் குடி அறிவுரைக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

இங்கே கனடாவில், ஹாலிஃபாக்ஸ் நகரில் நடந்ததைச் சொல்கிறேன். 2015 மே மாதம் ஒரு இளம் பெண் நன்றாகக் குடித்திருந்தாள். வாகனம் ஓட்டவில்லை. முன்பின் தெரியாதவனோடு நடந்தும் போகவில்லை. டாக்சி பிடித்தாள். எல்லாப் போஸ்டரும் சொல்கிற பாதுகாப்பான வழி அதுதானே? பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பொலிஸ் அந்த டாக்சியைக் கண்டபோது அவள் பின் இருக்கையில் நினைவில்லாமல் கிடந்தாள், உடையும் குலைந்திருந்தது. 2017-இல் நீதிபதி டாக்சி ஓட்டுநரை விடுதலை செய்தார். அப்போது அவர் சொன்னது: குடித்தவராலும் சம்மதம் தர முடியும் என்பது தெளிவு. நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணையிலும் விடுதலைதான். பிறகு 2012-இல் வேறொரு பெண்ணுக்கு நடந்ததற்காக அதே ஓட்டுநர் 2020-இல் தண்டிக்கப்பட்டார்.

2012-இல் ஒருத்தி, 2015-இல் இன்னொருத்தி. இரண்டாமவள் குறைவாகக் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் மாய்ந்து மாய்ந்து கேட்கிறோம். முதலாவது முறையே அவன் பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு.


கோவைக்காரன் | திங்கள், ஆகஸ்ட் 18, காலை 7:45

வணக்கம். நான் கோவையிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஒரு வருஷம் ஆகிறது.

இந்த மாசம் அகமதாபாத்தில் நடந்ததைப் படித்தீர்களா? இரவு நேர பார்ட்டிக்குப் போகாதீர்கள், பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகலாம் என்று ரோட்டில் போஸ்டர். ஆதரவு என்று போக்குவரத்துக் காவல்துறையின் பெயர் கீழே. எதிர்ப்பு வந்ததும் கிழித்தெறிந்தார்கள். சாலைப் பாதுகாப்புக்குத்தான் அனுமதி கொடுத்தோம் என்று விளக்கம் வந்தது. குஜராத் மதுவிலக்கு மாநிலம். சட்டப்படி மதுவே இல்லாத ஊரிலும் போஸ்டர் பெண்ணைப் பார்த்துத்தான் விரல் நீட்டுகிறது. மார்ச் மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் உத்தரவில், டெல்லியில் பாருக்குப் போன மாணவி ‘தானே சிக்கலை வரவழைத்துக்கொண்டாள்’ என்று எழுதியது. உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் அதைக் கண்டித்தது.

அப்புறம் ஒரு கேள்வி. யாரும் கோபப்பட வேண்டாம், நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். ஊரில் நான்கு வருஷம் ஆண்கள் விடுதியில் இருந்தேன். சம்மதம் என்றால் என்ன என்று ஒருவர்கூட எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இங்கே பார்ட்டிகளில் இரண்டு பேருமே குடித்திருப்பார்கள். அப்போது யார் மேல் தப்பு? அவளும் போதை, அவனும் போதை என்றால்?


சட்டத்தரணி_ம | திங்கள், மதியம் 12:50

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது. பல பேர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிடுகிறார்கள்.

ஒரு கிளாஸ் குடித்தவுடன் சம்மதம் செல்லாது என்று கனடாச் சட்டம் சொல்லவில்லை. குடித்த இருவர் விரும்பிச் சேர்வது குற்றம் இல்லை. ஆனால் நினைவிழந்தவராலோ, நடப்பதை விளங்கிக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவராலோ சம்மதம் தரவே முடியாது. முன்கூட்டியே ‘சரி’ என்று சொல்லி வைத்திருந்தாலும், நினைவிழந்த பிறகு அது செல்லாது. அதை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

இனி உன் ‘அவனும் போதை’. குற்றவியல் சட்டத்தின் 273.2 பிரிவைப் பார். தானாகக் குடித்து ஏறிய வெறியில் ‘அவள் சம்மதித்தாள் என்று நினைத்தேன்’ என்று சொன்னால் அது எதிர்வாதம் ஆகாது. சம்மதம் இருக்கிறதா என்று அறிய நியாயமான முயற்சி எடுத்தானா என்றும் கேட்பார்கள். அதாவது, தொடங்குகிறவன் கேட்க வேண்டும். கேட்டு விளங்க முடியாத அளவுக்கு அவள் இருந்தால் விட்டுவிட வேண்டும். விளங்க முடியாத அளவுக்கு அவன் இருந்தாலும் விட்டுவிட வேண்டும்.

இதில் 2022-இல் ஒரு பெரிய குழப்பம் வந்தது. தன் செயலின் மீது கட்டுப்பாடே இல்லாத அளவு கடும் போதையில் இருந்தவர் அதையே எதிர்வாதமாக வைக்க முடியாது என்று தடுத்த 33.1 பிரிவை, மே மாதம் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று நீக்கியது. இனிக் குடித்தேன் என்று சொன்னால் தப்பிக்கலாம் என்று ஊரெல்லாம் வதந்தி. அது பிழை. வெறும் குடிவெறிக்கு அந்தத் தீர்ப்பு இடம் கொடுக்கவே இல்லை. ஜூன் மாதமே பாராளுமன்றம் புதிய சட்டமும் கொண்டுவந்துவிட்டது.

போதை அவளுக்கு எதிரான சாட்சியாகவும், அவனுக்குச் சாதகமான சாட்டாகவும் ஆவதை வழக்குகளில் நிறையப் பார்த்துவிட்டேன். ஒரே போத்தல்தான். அவள் குடித்தால் ‘ஏன் குடித்தாய்?’ அவன் குடித்தால் ‘பாவம், வெறியில் செய்துவிட்டான்.’


நேர்மையாகச்_சொன்னால் | திங்கள், மாலை 6:15

நான் வேறு பக்கம் நிற்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பாலியல் தாக்குதல்களில் ஏறக்குறைய பாதியில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ஆய்வுகள் பல காலமாகச் சொல்கின்றன. கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019-இல் எடுத்த கணக்கில், உயர்கல்வி பயிலும் பெண்களில் 11 சதவீதம் பேர் அதற்கு முந்தைய ஒரே ஆண்டில் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகியிருந்தார்கள். ஆண்களில் 4 சதவீதம். ஒன்பது பேரில் ஒருத்தி. இது தெரிந்துகொண்டே பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மதுவைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது சரியா? யார் மனமும் புண்படக்கூடாது என்பதற்காக ஒரு உண்மையை மறைத்தால், அந்த உண்மை தெரியாமல் போகிறவளுக்கு யார் பொறுப்பு? பழி வேறு, எச்சரிக்கை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.


கண்ணாடிக்குவளை | செவ்வாய், ஆகஸ்ட் 19, அதிகாலை 1:10

மேலே இருப்பவர் சொன்ன ‘பாதி’ சரிதான். ஆனால் அந்தப் பாதியில் யார் குடித்திருந்தார்கள்? தாக்குகிறவனும் குடிக்கிறான். சில நேரம் அவன் குடிப்பதில்லை, ஊற்றிக் கொடுக்கிறான். அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

டவுன்ரவுனில் ஒரு பாரில் ஆறு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றேன். ஒன்ராறியோவில் ஸ்மார்ட் சர்வ் சான்றிதழ் இல்லாமல் மது பரிமாற முடியாது. வெறி ஏறியவருக்கு மேலும் ஊற்றாதே, அவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வழி பார் என்று அந்தப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அது தேவையானதுதான். ஆனால் இரவு ஒரு மணிக்குக் கவுண்டரில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று அந்தப் பாடம் சொல்லாது.

ஒரு வகை ஆள் வருவான். அவளுக்கு டபுள் வொட்கா, தனக்குச் சோடாவும் எலுமிச்சைத் துண்டும். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ‘அவளுடையதைக் கொஞ்சம் தூக்கலாப் போடு, சொல்ல வேண்டாம்’ என்று கண்ணடித்துச் சொன்னவர்களும் உண்டு. மாத்திரை கலப்பதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதிகமாகக் கண்டது வெறும் மதுவைத்தான், அதுவும் என் கையாலேயே ஊற்றியது.

ஒரு இரவை மறக்க முடியவில்லை. 2016 அல்லது 17, குளிர்காலம். அப்படி ஒருவன். நான்காவது டபுளை ஊற்றும்போதே எனக்குத் தெரியும். ஆனால் சனிக்கிழமை, கவுண்டரில் மூன்று வரிசை ஆட்கள், டிப்ஸ் வேறு நல்லாப் போட்டான். எனக்கேன் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவளை இரண்டு கையாலும் தாங்கிக் கூட்டிப்போனான். அவள் ஜாக்கெட்டை இருக்கையிலேயே விட்டுவிட்டாள். வெளியே மைனஸ் பதினைந்து. வாசலில் நின்ற எங்கள் பவுன்சர் அவர்களுக்கு மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஜாக்கெட் ஒரு மாதம் எங்கள் பின்னறையில் தொங்கியது. யாரும் கேட்டு வரவில்லை.

அவள் ‘தன் அளவு தெரியாமல்’ குடித்தாள் என்று போஸ்டர் சொல்லும். அவள் கிளாஸில் எவ்வளவு இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் மாறினேன். அவள் கண்ணைப் பார்த்துப் பெயரைக் கேட்பேன். ‘உன்னோடு வந்தவர்கள் எங்கே?’ என்பேன். டபுள் கேட்டால் சிங்கிள் ஊற்றுவேன், மூன்றாவதுக்குப் பிறகு வெறும் சோடா. எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணைக் கழிவறைப் பக்கம் அனுப்பி, தனியாக ஒரு வார்த்தை கேட்கச் சொல்வேன். அவனிடம் ‘அண்ணே, உங்கள் காரை யாரோ இடித்துவிட்டார்கள் போல’ என்று சொல்லி வெளியே அனுப்பியதும் உண்டு. ஆறு வருடத்தில் எங்கள் கழிவறையில் எத்தனையோ போஸ்டர் மாறியது. ஒன்றுகூட என்னைப் பார்த்துப் பேசவில்லை.


மழைநிழல் | செவ்வாய், ஆகஸ்ட் 19, இரவு 8:40

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

என் ரெசிடென்ஸ் கழிவறைக் கதவிலும் அப்படி ஒரு போஸ்டர் இருந்தது. வாசகம் கொஞ்சம் வேறு, கருத்து அதேதான். தினமும் காலையில் பல் துலக்கப் போகும்போது பார்ப்பேன்.

அன்று நான் இரண்டு பியர் குடித்திருந்தேன். தள்ளாடவில்லை, தூக்கம் மட்டும்தான். தனியாகப் போகாதே என்று எல்லோரும் சொல்வதால் என் வகுப்பில் படித்த, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவனோடு நடந்து வந்தேன். அவன்தான்.

மறுநாள் காலையில் அதே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது எதிரில் அந்தப் போஸ்டர். ‘உன் கையில்’ என்று எழுதியிருந்தது. அப்படியென்றால் நான்தானே விட்டுவிட்டேன் என்று தோன்றியது. இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் குடிக்கச் சட்டம் அனுமதிக்கும் பத்தொன்பது வயது ஆகவில்லை, குடித்ததற்காக ரெசிடென்ஸை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வேறு. அம்மாவுக்குத் தெரிந்தால் முதலில் கேட்பது ‘நீ குடிப்பியா?’ என்றுதான் இருக்கும் என்றும் தெரியும்.

போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சம்பவத்துக்கு முன்னால் இருக்கிறவளை நினைத்து ஒட்டுகிறார்கள். சம்பவத்துக்குப் பிறகும் நாங்கள் அதே கழிவறைக்குத்தான் போகிறோம்.


திண்ணை_காவல் (மட்டுறுத்துநர்) | செவ்வாய், இரவு 9:30

மேலுள்ள பதிவுக்கு வந்த ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். அந்த உறுப்பினருக்குத் தனியாக எழுதிவிட்டேன். மழைநிழல், நீங்கள் விரும்பினால் உங்கள் பதிவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். ஒரு வரி போதும்.


ஸ்காபரோ_அப்பா | செவ்வாய், இரவு 11:55

பிள்ளை மழைநிழல், நான் முதல் நாள் எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். கதவு, பூட்டு என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தது தெரியாதவனை. இருட்டு, பார், அந்நிய ஆள். கூட வந்தவனை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் மகளிடம் நானும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன், ‘தெரிந்த பெடியனோடு வா, தனியாக வராதே’ என்று.

அப்போ நான் என்னதான் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டி அனுப்ப என்னால் முடியாது. யாராவது சொல்லுங்கள்.


வாகைமரம் | புதன், ஆகஸ்ட் 20, மாலை 5:20

முதலில் மழைநிழலுக்கு: உங்களை நம்புகிறேன். நீங்கள் எழுதியதை அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் கூட்டத்தில் ஒரு சொல்கூடச் சொல்லமாட்டேன்.

அங்கிள், உங்கள் கேள்விக்கும் ‘நேர்மையாகச்_சொன்னால்’ கேட்டதற்கும் பதில் தேடி மூன்று நாளாகப் படித்தேன். பெண்களுக்கு எதுவும் சொல்லித் தரக்கூடாது என்பது என் முடிவு இல்லை. எதைச் சொல்லித் தருகிறோம் என்பதில்தான் பிழை இருக்கிறது.

வின்ட்சர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லின் சென் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவும் மூன்று கனடியப் பல்கலைக்கழகங்களில் 893 முதலாம் ஆண்டு மாணவிகளிடம் ஒரு பயிற்சியைச் சோதித்தார்கள். முடிவு 2015-இல் நியூ இங்கிலண்ட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதி மாணவிகளுக்குத் துண்டுப் பிரசுரங்கள் மட்டும். மற்றவர்களுக்கு நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். ஒரு வருடத்தில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டுப் பிரசுரம் பெற்ற குழுவில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்ற குழுவில் 5.2 சதவீதம். ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. போஸ்டருக்கு நெருங்கிய உறவு எது? துண்டுப் பிரசுரம்தான்.

அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ‘குடிக்காதே’ என்று மிரட்டவில்லை. ஆபத்து பெரும்பாலும் தெரிந்தவனிடமிருந்து வரும் என்று சொல்கிறார்கள். அவன் நடத்தையில் எதைக் கவனிக்க வேண்டும் என்று காட்டுகிறார்கள்: உன்னைக் கூட்டத்திலிருந்து பிரிக்கிறானா, நீ வேண்டாம் என்ற சின்ன விஷயத்தையும் மதிக்காமல் திணிக்கிறானா, திரும்பத் திரும்பக் கிளாஸை நிரப்புகிறானா. தெரிந்தவனை எதிர்க்க மனம் ஏன் தயங்குகிறது என்று பேசுகிறார்கள். சத்தமாக மறுப்பது, உடலால் எதிர்ப்பது, தனக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தானே தெரிந்துகொள்வது எல்லாம் அதில் உண்டு. செய்தவன்தான் பொறுப்பு என்பது முதல் மணியிலிருந்து கடைசி மணி வரைக்கும் கூடவே வருகிறது.

இதைப் படித்தபோது என் வளர்ப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைக்கு முதலில் பழக்குவது என்ன? முகம் முறிக்காதே. மாமா மடியில் இருக்கச் சொன்னால் இரு, வந்தவர் மனம் நோகப் பேசாதே, வேண்டாம் என்றாலும் சிரித்துச் சொல். பதினெட்டு வருடம் அப்படிப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு இரவில் மட்டும் நன்றாகத் தெரிந்த ஒருவன் முகத்தைப் பார்த்துக் கத்தச் சொன்னால் அவளுக்கு எப்படி வரும்? அங்கிள், சொல்வதற்கு ஒன்று கேட்டீர்கள். ‘முகம் முறித்தாலும் பரவாயில்லை, எனக்குக் கோபம் வராது’ என்று சொல்லுங்கள். ‘எந்த நிலையில் இருந்தாலும் எந்த நேரத்திலும் போன் எடு, வருகிறேன், ஏன் குடித்தாய் என்று கேட்கமாட்டேன்’ என்றும் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், பிறகு உண்மையிலேயே அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

மது பற்றிப் போஸ்டர் ஒட்டலாம். எனக்கு அதில் தடை இல்லை. எல்லோர் கதவிலும் ஒட்ட வேண்டும். 2011-இல் பென்சில்வேனியா மாநில மது வாரியம் கழிவறைத் தரையில் ஒரு பெண்ணின் கால்கள் தெரியும் படத்தோடு, அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை என்ற பொருளில் விளம்பரம் செய்தது. கண்டனம் குவிந்ததும் மீட்டுக்கொண்டது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2010 இறுதியில், கனடாவின் எட்மன்ரன் நகரில் பொலிஸும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து அதே மாதிரி ஒரு காட்சியை எடுத்து வாசகத்தைத் திருப்பிப் போட்டார்கள். சோபாவில் மயங்கிக் கிடக்கும் பெண். வாசகம் ஆண்களைப் பார்த்துப் பேசுகிறது: அவள் மறுக்கவில்லை என்றால் சம்மதித்தாள் என்று ஆகாது, அப்படிப்பட்ட ஆளாக இருக்காதே. பதினெட்டு முதல் இருபத்துநான்கு வயது ஆண்களுக்கென்றே செய்தது. வான்கூவரும் எடுத்துக்கொண்டது. அங்கே 2011-இல் பாலியல் தாக்குதல் முறைப்பாடுகள் பத்து சதவீதம் அளவு குறைந்ததாகப் பொலிஸ் சொன்னது. அது போஸ்டரால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஒரு போஸ்டருக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆனால் அந்த வாசகத்தைப் பார்த்து எந்தப் பெண்ணும் கழிவறையில் உட்கார்ந்து தன்னைத் திட்டிக்கொண்டிருக்கமாட்டாள்.


நேர்மையாகச்_சொன்னால் | புதன், இரவு 9:05

அந்த 2015 ஆய்வைத் தேடிப் படித்தேன். ஒத்துக்கொள்கிறேன், நான் நினைத்த ‘எச்சரிக்கை’ அதில் இல்லை. குடித்தால் உடல் சோரும், எதிர்க்கும் பலம் குறையும் என்பதைப் பெண்களிடம் நேராகச் சொல்ல வேண்டும் என்ற என் கருத்து மட்டும் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும் அதே வாய், அதே சுவரில், அதே அளவு எழுத்தில் ஆணிடமும் பேச வேண்டும் என்பது சரி. நெருப்பு அலாரம் மட்டும் போதாது.


சட்டத்தரணி_ம | புதன், இரவு 10:30

மழைநிழல் எழுதியதில் ஒரு விஷயம் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. குடித்ததற்காக வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

வாகைமரம், இது உங்கள் கூட்டத்துக்குக் கட்டாயம் தேவை. ஒன்ராறியோவில் எல்லாக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பாலியல் வன்முறைக் கொள்கை இருக்க வேண்டும் என்று 2016-இல் சட்டம் வந்தது. 2021-இல் விதியைத் திருத்தினார்கள். நல்லெண்ணத்தோடு முறைப்பாடு சொல்கிற மாணவரை, அந்த நேரத்தில் மதுவோ போதைப்பொருளோ பாவித்து நிறுவன விதியை மீறியதற்காகத் தண்டிக்கக் கூடாது. சம்பந்தமில்லாத பழைய பாலியல் வாழ்க்கை பற்றிக் கேள்வி கேட்கவும் கூடாது. 2022 மார்ச் 1-க்குள் எல்லா நிறுவனமும் இதைத் தங்கள் கொள்கையில் எழுதியாக வேண்டும் என்று கெடு வைத்தார்கள். உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். முப்பது பக்கத்துக்குள் எங்கேயோ புதைந்திருக்கும்.

இந்த ஒரு வரி எந்த மாணவிக்குத் தெரியும்? எந்த மாணவனுக்குத் தெரியும்? 2019-இல் எடுத்த தேசியக் கணக்கின்படி பாலியல் தாக்குதல்களில் பொலிஸுக்குப் போவது நூற்றுக்கு ஆறுதான். மிச்சத் தொண்ணூற்று நாலிலும் எத்தனை பேர் ‘நான் குடித்திருந்தேன்’ என்ற ஒரு காரணத்துக்காக வாயை மூடினார்களோ. கதவில் எழுத இடம் இருந்தால் இதை எழுதுங்கள்.


மழைநிழல் | வியாழன், ஆகஸ்ட் 21, காலை 6:50

எனக்கு இது தெரியாது. அன்று தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் போகலாம் என்றாவது தெரிந்திருக்கும்.

வாகைமரம், பெயர் இல்லாமல் என் பதிவை வாசிக்கலாம். முழுதாக வாசியுங்கள், வெட்ட வேண்டாம்.


கோவைக்காரன் | வியாழன், இரவு 7:30

நேற்று எங்கள் வீட்டில் ஆறு பேர் சாப்பிடும்போது இதைப் பேசினோம். எல்லோரும் ஊர்ப் பையன்கள். முதல் அரை மணி நேரம் கிண்டல்தான். அப்புறம் ஒருத்தன் சொன்னான், போன வருஷம் ஒரு பார்ட்டியில் அவன் சீனியர் ஒரு பெண்ணை அறைக்குக் கூட்டிப்போனதைப் பார்த்தானாம், அவளுக்கு நிற்கவே முடியவில்லையாம். இவன் மாடிப்படியிலேயே நின்றிருக்கிறான். ‘சீனியர் ஆச்சே, என்ன சொல்றது’ என்று. அதற்கப்புறம் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

கண்ணாடிக்குவளை அண்ணன் சொன்ன கார் பொய்யை நாங்கள் மனப்பாடம் செய்துகொண்டோம்.


வாகைமரம் | சனி, ஆகஸ்ட் 23, மதியம் 2:15

கூட்டம் முடிந்தது. ஒன்றரை மணி நேரம். மழைநிழலின் பதிவை வெட்டாமல் வாசித்தேன். வாசித்து முடித்ததும் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. வடிவமைத்தவர் தன் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டார்.

கவிழ்ந்த கிளாஸும் செருப்பும் போய்விட்டன. புதிய போஸ்டரில் படமே இல்லை, எழுத்து மட்டும். மேலே: ‘நிற்க முடியாதவரால் சம்மதம் சொல்ல முடியாது. நீ குடித்திருந்தது சாக்கு ஆகாது.’ நடுவில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டு வரி: ஒருவரைத் தனியாகக் கூட்டிப்போவதைக் கண்டால் குறுக்கே போ, பேச்சுக் கொடு, டானைக் கூப்பிடு. கீழே பெரிய எழுத்தில் சட்டத்தரணி அக்காவின் வரி: ‘குடித்திருந்தாலும், வயது குறைவாக இருந்தாலும் வந்து சொல். குடித்ததற்காகத் தண்டனை இல்லை.’ உதவி எண் அதற்கடியில்.

எல்லாம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரப் பயிற்சிக்கு இந்த ஆண்டு பணம் இல்லை என்றார்கள். ஜனவரியில் இருபது மாணவிகளோடு தொடங்கிப் பார்க்க எழுத்தில் கேட்டிருக்கிறேன். ‘அளவோடு குடி’ என்ற வரியை முழுதாக எடுக்கவும் சம்மதிக்கவில்லை. அது தண்ணீர், சாப்பாடு, மயங்கினால் பக்கவாட்டில் படுக்கவைப்பது பற்றிய தனி அறிவிப்பாக எல்லா மாடிக்கும் போகிறது. அதில் எனக்குக் குறையில்லை.


ஸ்காபரோ_அப்பா | ஞாயிறு, ஆகஸ்ட் 31, இரவு 10:40

இன்றைக்கு மகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோம். 401 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். பிள்ளை சொன்னபடி அந்த இரண்டையும் சொன்னேன். முகம் முறிக்கலாம் என்றபோது, ‘அப்பா, நீங்களா சொல்றீங்க?’ என்றாள். ஏன் குடித்தாய் என்று கேட்கமாட்டேன் என்றபோது ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது காரில் நானும் மகனும். அவனுக்குப் பதினாறு. இத்தனை நாள் அவனுக்கு நான் சொன்ன அறிவுரை ‘படி’ என்ற ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், பௌமன்வில் தாண்டும் வரைக்கும் ரேடியோவையே கேட்டுக்கொண்டு வந்தோம். பிறகு பாரில் வேலை செய்த அந்தத் தம்பியின் ஜாக்கெட் கதையைச் சொன்னேன். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.


வாகைமரம் | திங்கள், செப்டெம்பர் 1, இரவு 11:20

எங்கள் மாடியிலும் எல்லோரும் வந்துவிட்டார்கள். அறுபது பிரதி ஒட்டினோம். பாதி ஆண்கள் மாடிக்கு. அங்கே நான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒரு முதலாம் ஆண்டுப் பையன் பின்னால் நின்று முழுவதையும் படித்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். கீழே இருக்கும் நம்பரைக் காட்டி, ‘இது எங்களுக்கும் உண்டா?’ என்று கேட்டான்.

ஓம், உனக்கும்தான் என்றேன். போனை எடுத்து அந்த நம்பரை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனான்.